கை கழுவினால் போதாது

போன வாரம் நிவேதா போன் செய்தாள். சின்ன காஞ்சிபுரத்தில் நான் இருபத்தாறு ஆண்டுகள் பார்த்துக்கொண்ட அங்கன்வாடி மையத்துக்கு இப்போது அவள்தான் டீச்சர். என் முழங்கால்கள் குழந்தைகளோடு தரையில் உட்கார மறுத்ததால் நான் வயதுக்கு முன்பே வேலையை விட்டேன். அந்த இடத்துக்கு வந்தவள்தான் நிவேதா.

“அக்கா, பாதுகாப்புப் பாடத்துக்கு வீடியோ அனுப்பியிருக்காங்க. மூணே நிமிஷம். அதுல ஒரு முயல் வருது. பசங்க முயலுக்காக மறுபடி மறுபடி போடச் சொல்றாங்க. வேற ஒண்ணும் ஏறல. நீங்க எப்படி நடத்துனீங்கன்னு நாலு பாயிண்ட்டா எழுதி அனுப்புங்கக்கா” என்றாள்.

பாயிண்ட் பாயிண்ட்டாக எழுதுவது எனக்குக் கஷ்டமில்லை. அரசு கொடுத்த பதினோரு பதிவேடுகள் போக, பன்னிரண்டாவதாக ஒரு டைரியும் ஆண்டுதோறும் எழுதி வந்தவள் நான். டைரிகளை எடுத்து வைத்துக்கொண்டு ‘1’ என்று போட்டேன். முதல் பாயிண்ட்டிலேயே நான் செய்த ஒரு தப்பு குறுக்கே வந்து நின்றது. அதைச் சொல்லாமல் இரண்டுக்குப் போவது நேர்மையாகாது. ஆகவே எண்களை அடித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்களுக்குப் பயிற்சி மூன்று நாள். இந்தப் பாதுகாப்புப் பாடம் மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வந்தது. பயிற்சி கொடுக்க வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். எதிரில் அவர் அம்மா வயதில் நாற்பது பெண்கள். பாவம், கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. “நீச்சல் உடை எந்த இடத்தையெல்லாம் மூடுதோ, அது உன்னோட தனிப்பட்ட இடம்னு குழந்தைகளுக்குச் சொல்லணும்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அந்த நாற்பது பேரில் ஒருத்தர்கூட நீச்சல் உடையைக் கையில் தொட்டுப் பார்த்தவர் இல்லை. எல்லோரும் அப்படியே எழுதிக்கொண்டோம்.

மையத்தில் அப்போது பத்தொன்பது குழந்தைகள். சமைப்பதற்கும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்கும் உதவியாளர் தனம். பதினேழு ஆண்டுகள் என்னோடு இருந்தவள். சோற்றில் உப்பு குறைந்தாலும் குறையும், அவள் வாயில் கருத்து குறையாது. பயிற்சியில் கொடுத்த படத்தைச் சுவரில் மாட்டினேன். நீச்சல் உடையில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

லோகேஷ் கையைத் தூக்கினான். “டீச்சர், இவங்க ட்ரெஸ்ஸ யாரு தூக்கினு போயிட்டாங்க?”

“குளிக்கப் போறாங்கடா” என்றாள் தனம், சமையல் மேடையிலிருந்து.

“சொம்பு எங்க?”

முதல் நாள் பாடம் சொம்போடு முடிந்தது. மறுநாள் நீச்சல் உடையை விட்டு ஜட்டி, பனியனுக்கு வந்தேன். தலை, மூக்கு, வயிறு வரைக்கும் பத்தொன்பது பேரும் உற்சாகமாகப் பேர் சொன்னார்கள். அதற்குக் கீழே விரல் போனதும் மொத்தப் பேரும் “ஷேம் ஷேம்!” என்று கத்திவிட்டு, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். தெலுங்கு பேசும் வீட்டுக் குழந்தை, உருது பேசும் வீட்டுக் குழந்தை, தமிழ் பேசும் வீட்டுக் குழந்தை, எல்லோருக்கும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே மொழி.

எங்கள் மேற்பார்வையாளர் சரோஜா மேடத்திடம் இதைச் சிரிப்பாகச் சொன்னேன். மேடத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். பஸ்ஸில் வந்து இறங்குவார். செருப்பைக் கழற்றிச் சுவரோரம் இரண்டும் ஒட்டி நிற்கும்படி வைப்பார். மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கத்துச் சில்லைப் புடவையில் துடைத்துக்கொண்டு, துடைத்து முடிக்கும் வரை ஒரு வார்த்தை பேச மாட்டார். இன்றைக்குத் திட்டு விழப்போகிறது என்றால் இரண்டாவது கண்ணாடிச் சில்லையும் துடைப்பார். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

அன்று இரண்டு சில்லும் துடைத்தார்.

“அந்த இடத்துக்குப் பேரே வெட்கம்னு வெச்சிட்டா, நாளைக்கு அங்க ஒண்ணுன்னா அந்தக் குழந்தை எப்படிம்மா வாயைத் திறக்கும்? சரியான பேரைச் சொல்லிக் குடுங்க. மூக்குன்னு சொல்ற மாதிரி சொல்லுங்க.”

அதன்படியே சொல்லிக்கொடுத்தேன். முதல் நாள் எனக்குத்தான் காது சூடானது. மூன்றாம் நாள் குழந்தைகளுக்குச் சிரிப்பு அலுத்துவிட்டது. பேர் வந்துவிட்டது. ‘கேட்காமல் தொடக் கூடாது’ என்பதை எப்படிப் புரியவைப்பது என்பதுதான் பாக்கி. இங்கேதான் என் தப்பு வருகிறது.

எங்கள் பத்தொன்பதில் பதினான்கு குழந்தைகள் தறி உள்ள வீட்டிலிருந்து வருபவர்கள். தறி வீட்டில் தவழ ஆரம்பித்த நாளிலிருந்து குழந்தை கேட்கும் சொல் ‘தொடாதே’. தறியில் இருக்கும் பட்டில் ஒரு விரலின் எண்ணெய் பட்டால் போதும், புடவை முழுக்கப் பழுது. ஒரு நாள் காலை பல் தேய்க்கும்போது எனக்கு இது தோன்றியது. பயிற்சியில் யாரும் சொல்லாத உதாரணம்! அவ்வளவு பெருமையோடு நான் மையத்துக்கு நடந்து போனது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

“உங்க வீட்டுத் தறியில இருக்கற பட்டை யாராவது கேக்காம தொடலாமா?”

“கூடாது!” பத்தொன்பது பேர். தறி இல்லாத ஐந்து பேரும் சேர்த்து.

“அதே மாதிரிதான் உங்க உடம்பும். பட்டு மாதிரி. யாரும் கேக்காம தொடக் கூடாது. புரிஞ்சுதா?”

புரிந்துவிட்டது. முழுசாகப் புரிந்துவிட்டது. அன்று சாயங்காலத்திலிருந்து தெருவில் ஒரே அமளி. குழந்தையைத் தூக்கப் போன யாராக இருந்தாலும் “கையக் காட்டு” என்ற கட்டளை. தபால்காரர் காட்டினார். பால்காரர் காட்டினார். மூக்குப்பொடி போடும் ஒரு தாத்தாவை அவர் பேத்தி யாழினி மூன்று முறை குழாயடிக்கு அனுப்பிவிட்டு, நான்காம் முறை முகர்ந்து பார்த்து, “இன்னும் வருது” என்றாளாம்.

அந்த வாரமே எடை போடும் நாள் வந்தது. மாதம் ஒரு முறை ஒவ்வொரு குழந்தைக்கும் எடை, உயரம், கைச்சுற்றளவு எடுத்துப் பதிய வேண்டும். மேடமும் வந்திருந்தார். நான் சோப்பு போட்டுக் கழுவிய கைகளை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினேன். வரிசையில் முதலில் நின்ற ரிஹானா நகக்கண் வரை பார்த்துவிட்டு, “சரி, தூக்குங்க” என்றாள். பத்தொன்பது பேருக்கும் முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. ஒரு அழுகை இல்லை. நான் மேடத்தைப் பார்த்தேன்.

மேடம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது சில்லு.

“ரொம்ப அழகா இருந்துச்சும்மா. இதே மாதிரி கையக் கழுவிட்டு யாரு வந்தாலும் இந்தப் பிள்ளைங்கள தூக்கிக்கலாம், இல்ல?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தறி வீட்டு வழக்கத்தில் கேட்பது என்றால் கையைக் காட்டுவதுதான். கை சுத்தமென்றால் தொடலாம். அதைத்தான் நான் இவ்வளவு கச்சிதமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

“பட்டுக்கும் பிள்ளைக்கும் ஒரு வித்தியாசம் இருக்குதும்மா” என்றார் மேடம். “பட்டுக்கு வாய் இல்ல.”

மறுநாளிலிருந்து பாடத்தைத் திருப்பி நடத்தினேன். “பட்டால ‘வேணாம்’னு சொல்ல முடியுமா? உன்னால முடியும். கை சுத்தமா இருந்தாலும் உனக்குப் பிடிக்கலன்னா வேணாம்தான். வேணாம்னு சொல்லு, அங்கேருந்து வந்துடு, பெரியவங்க யார்கிட்டயாவது சொல்லு. யாருக்கும் சொல்லாத, இது ரகசியம்னு ஒருத்தர் சொன்னா, அதையும் சொல்லு.” ஊசி போடும் டாக்டர், குளிப்பாட்டும் அம்மா, இவர்களுக்கான விதிகளையும் தனியாகச் சொன்னேன். டாக்டருக்கு விலக்கு உண்டு என்பதை மட்டும் லோகேஷ் கடைசி வரை ஏற்கவில்லை. ‘வேணாம்’ சொல்லும் பயிற்சிக்குத் தனம்தான் ஆள். கன்னத்தைக் கிள்ளுவதுபோல் வருவாள், குழந்தை “வேணாம்!” என்று கத்த வேண்டும். கத்தல் பெருமாள் கோயில் கோபுரம் வரை கேட்டிருக்கும்.

அடுத்த மாத எடை நாளில், எதிர்பார்த்திருக்க வேண்டியது நடந்தது. “எடை போடலாமா?” என்று கேட்டேன்.

“இன்னிக்கு வேணாம் டீச்சர்” என்றாள் ரிஹானா. “நாளைக்குக் கேட்டுப் பாருங்க.”

அவளைத் தொடர்ந்து பதினெட்டு வேணாம். தனம் கரண்டியோடு வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். “நல்லா கத்துக் குடுத்தீங்கம்மா. இப்ப கம்ப்யூட்டர்காரனுக்கு இன்னா பதில் சொல்லுவீங்க?”

செல்போனில் நாலு மணிக்குள் பதிவேற்ற வேண்டும். அதில் ‘வேணாம்’ என்று போடக் கட்டம் கிடையாது. அன்றும் வந்திருந்த மேடம் ஒரு சில்லை மட்டும் துடைத்தார். பிறகு எழுந்து, குழந்தைகள் நிற்கும் தராசில் தானே ஏறி நின்றார். “யாருப்பா எனக்குப் பார்த்துச் சொல்றது? தலையத் தொட்டு நேரா வெக்கலாம். கண்ணாடிய மட்டும் தொடக் கூடாது.”

பத்தொன்பது பேரும் சூழ்ந்துகொண்டார்கள். முள் நின்ற இடத்தை லோகேஷ் படிக்க, தனம் அதைத் தெருவுக்கே கேட்கும்படி திருப்பிச் சொன்னாள். மேடத்தின் முகத்தில் ஒரு சதை அசையவில்லை. அந்த எண்ணையும் என் டைரியில் குறித்திருக்கிறேன், இங்கே எழுதப்போவதில்லை. அதற்குப் பிறகு குழந்தைகள் வரிசையில் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். இரண்டு பேர் மட்டும் வேணாம் என்றார்கள். அவர்களை மறுநாள் எடை போட்டோம்.

பிரச்சினை பெற்றவர்களிடமிருந்து வந்தது. யாழினியின் அம்மா மஞ்சு, கணவர் தறியில் இருக்க வீட்டில் பட்டு நூல் சுற்றுபவள். ஒரு புதன்கிழமை நாலு பெண்களோடு வந்து வாசலில் நின்றாள்.

“டீச்சர், எங்க நாத்தனார் வூட்டுக்காரரு ஊர்லேருந்து வந்தாரு. முத்தம் குடுன்னாரு. இது எல்லார் எதிருலயும் ‘வேணாம், எனக்குப் புடிக்கல’ன்னு சொல்லிடுச்சு. அவரு சாப்பிடாம பஸ் ஏறிட்டாரு. இன்னா பாடம் இது? எங்க பொண்ணுக்கு மட்டும் வேணாம், நிறுத்திடுங்க.”

“அவரு முத்தம் கேட்டாரு, இது பதில் சொல்லிச்சு. அதுக்கு எதுக்குச் சோத்து மேல கோவம்?” என்றாள் தனம்.

“நீ சும்மா இரு அக்கா.”

மேடத்திடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். யாழினியை மட்டும் பாடத்தின்போது வெளியே உட்காரவைப்பதா என்று நானே குழம்பிப்போயிருந்தேன். மேடம், “அடுத்த வாரம் நான் வந்து தாய்மாருங்ககிட்ட பேசறேன். அதுவரைக்கும் நிறுத்தாதீங்க” என்றார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். “ஒரு குழந்தை வந்து ஏதாவது சொன்னா உங்க முகம் மாறக் கூடாது. ஐயோன்னு ஒரு சத்தம் வந்தா அது அதோட நிறுத்திக்கும். கேள்வி கேட்டுக் குடையாதீங்க. சொன்னதை அது சொன்ன வார்த்தையிலயே எழுதுங்க. முகத்துக்குத் தினம் அஞ்சு நிமிஷம் பழகிக்கங்க.”

பழகினோம். குழந்தைகள் தூங்கும் நேரத்தில் தனம் என் எதிரில் உட்கார்ந்து பயங்கரமான செய்திகளாகச் சொல்வாள். நான் முகம் மாறாமல் கேட்க வேண்டும். “டீச்சர், சாம்பார்ல பல்லி.” சரி, அப்புறம்? “அத எடுத்துப் போட்டுட்டு ஊத்திட்டேன்.” சரி. “உங்களுக்குத்தான் மொதல்ல.” மூன்றாம் நாள் வரை நான் தோற்றேன். நான்காம் நாள், பக்கத்துத் தெருவில் யாரோ யாரோடோ ஓடிப்போன கதையைக்கூட அசையாமல் கேட்டேன். பிறகு விசாரித்தால் அது மட்டும் நிஜமாம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது. தனம் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் களிமண்ணில் பாம்பு உருட்டிக்கொண்டிருந்தார்கள். யாழினி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“டீச்சர், ரகசியம்னு யாராச்சும் சொன்னா உங்ககிட்ட சொல்லணும்ல?”

“சொல்லலாம்மா.”

சொன்னாள். தெருமுனைக் கடைக்காரரைப் பற்றி. அந்தத் தெருக் குழந்தைகளுக்கெல்லாம் அவர் மாமா. நான் டைரியில் எழுதியது இது: ‘பால் வாங்கப் போனேன். கடை மாமா உள்ள கூட்டினு போய் மடியில உக்கார வெச்சாரு. தொட்டாரு.’ எங்கே என்பதற்குச் சரியான பேரைச் சொன்னாள். அது இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். ‘கை சுத்தமாத்தான் இருந்துச்சு. எனக்குப் புடிக்கல. வேணாம்னேன். ஓடியாந்துட்டேன். அம்மாகிட்ட சொன்னா அம்மா அழுவும்னாரு.’

கை சுத்தமாகத்தான் இருந்தது. அந்த வரியை எழுதும்போது என் பேனா நின்றது. மேடம் மட்டும் அன்று இரண்டாவது சில்லைத் துடைக்காமல் போயிருந்தால்?

“நீ சொன்னது ரொம்ப நல்லது. உன் மேல ஒரு தப்பும் இல்ல” என்றேன்.

“அவரு குடுத்த கமர்கட்ட தின்னுட்டேன்.”

“அதுவும் தப்பு இல்ல.”

பின்பக்கம் போய் மேடத்துக்குப் போன் செய்தேன்.

“கேள்வி கேட்டீங்களா?”

“இல்ல மேடம்.”

“முகம்?”

“மாத்தல மேடம்.”

“எழுதியாச்சா?”

“எழுதிட்டேன் மேடம். எழுத்துதான் கோணலா இருக்குது.”

“பரவால்ல. எழுத்து புரிஞ்சா போதும். வந்துக்கினு இருக்கேன்.” அத்தனை ஆண்டுகளில் அவர் ஆட்டோ பிடித்து வந்தது அன்று ஒருநாள்தான். செருப்புகள் வாசலில் பக்கத்துக்கு ஒன்றாகக் கிடந்தன.

மஞ்சுவை வரவழைத்தோம். முதலில் அவள் நம்பவில்லை. “அவரு எங்க கல்யாணத்துல பந்தி பரிமாறுனவரு. நீங்க இந்தப் பாடத்த நடத்தி நடத்தி, அது கண்டதையும் கற்பனை பண்ணிக்கினு இருக்குது.”

மேடம் டைரியை அவளிடம் நீட்டினார். மஞ்சு நின்றபடியே படித்தாள். கடைசி வரியில் உட்கார்ந்துவிட்டாள்.

“இத யாரும் சொல்லிக் குடுத்திருக்க முடியாது டீச்சர்” என்றாள். குரல் மாறியிருந்தது. “எங்கம்மா செத்தப்ப நான் அழுதுக்கினே இருந்தேன். அதப் பாத்துட்டு இவ ரெண்டு நாள் சோறு திங்கல. நான் அழுதா இவளுக்குத் தாங்காது. அது வெளியாளுங்கள்ல அவருக்குத்தான் தெரியும். அன்னிக்கு பிஸ்கட் வாங்கியாந்து குடுத்துப் பாத்தவரு அவருதான்.”

அந்த ஆளுக்கு என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முறைப்படி சொல்ல வேண்டிய இடங்களுக்கெல்லாம் மேடமே சொன்னார். சீருடை போடாமல் ஒரு பெண் காவலர் வந்தார். கடை மூடியது, வழக்கு நடந்தது, தண்டனை ஆனது. தெருவில் பாதிப் பேர் கொஞ்ச நாள் மஞ்சுவோடு பேசவில்லை. அவளும் அவர்களோடு பேசவில்லை. பாடத்தை நிறுத்தச் சொல்லி அதன் பிறகு யாரும் வரவில்லை.

அன்றைய மதியத்துக்கு வருகிறேன். “அம்மாகிட்ட சொல்லணும்னு அந்தக் குழந்தைக்கு இருக்குது. அழுதுடுவாங்கன்னு பயந்துக்கினு இருக்குது. நீங்களா கேக்காதீங்க, பக்கத்துல போய் உக்காருங்க. சொன்னா, முகம் மட்டும் மாறாம கேளுங்க” என்றார் மேடம்.

மஞ்சு ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள். தனம் அவளைப் பின்பக்கக் குழாய்க்கு இழுத்துக்கொண்டு போனாள். தண்ணீர் சத்தமும் தனத்தின் சத்தமும் கேட்டன.

“மூக்கு செவப்பா இருக்குது, இன்னொரு வாட்டி கழுவு. ஆங், இப்ப என்னைப் பாரு. சாம்பார்ல பல்லி.”

“இன்னாக்கா சொல்றே?”

“முகத்த மாத்தாத! சரின்னு சொல்லு.”

“சரி.”

“அத எடுத்துப் போட்டுட்டு ஊத்திட்டேன்.”

“சரிக்கா.”

“இது போதும். போ.”

மஞ்சு உள்ளே வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாழினி தட்டில் முட்டையைத் தொடாமல் வைத்திருந்தாள். அம்மாவின் முகத்தைக் கிட்டத்தில் வந்து பார்த்தாள், ஒரு கண், பிறகு இன்னொரு கண். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். என்னிடம் சொன்ன அதே வரிசையில், கமர்கட் உட்பட. மஞ்சு ஒவ்வொன்றுக்கும் “சரிம்மா” என்றாள். மடியில் இருந்த அவள் விரல்கள் மட்டும் இல்லாத நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தன.

“நான் உன்ன நம்பறேன்” என்றாள் கடைசியில். “இனிமே அந்தக் கடைக்கு நீ போவ வேணாம்.”

யாழினி பெரிதாக மூச்சு விட்டாள்.

“அவ்ளோதான்மா. சொல்லி முடிச்சிட்டேன்” என்றாள். “இப்ப நீ வேணும்னா அழுவு.”

மஞ்சு அழுதாள். அடக்கி வைத்த அத்தனையும் சேர்த்து, குலுங்கிக் குலுங்கி அழுதாள். தனம் யாரிடமும் அனுமதி கேட்காமல் கூடவே அழுதாள். யாழினி கொஞ்ச நேரம் இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு அழுகிற அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்து, முட்டையைத் தின்ன ஆரம்பித்தாள்.